தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் 43 பழைய புத்தகம்: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

திருவையாற்றான்:

எல்லாருக்கும் வணக்கம். புத்தக விஷயத்தில் நான் சுத்தமாகக் கத்துக்குட்டி, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். 1971ல் காலமானார். இப்போது பாகப்பிரிவினை முடிந்து வீட்டை இடிக்கப்போகிறோம். போன வாரம் பரண்மேலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே 43 புத்தகம், ஒரு கட்டு ஓலைச்சுவடி. சித்தப்பா "எடைக்குப் போட்டுத் தொலை, ஒரே செல்லு" என்கிறார். பழைய புத்தகம் வாங்குகிற ஒருவர் கும்பகோணத்திலிருந்து வந்து பார்த்தார். எல்லாவற்றையும் புரட்டவில்லை, ஐந்தாறைத்தான் பார்த்தார். மூன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, "மொத்தமா 8,000 தரேன், இன்னைக்கே தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார். அந்த அவசரம்தான் எனக்கு உறுத்துகிறது.

சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு. முகப்புத்தாளின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருக்கிறது. மேலே "மகாமகோபாத்தியாய" என்றும் உ.வே.சா. பெயரும் தெரிகின்றன. முதல் பதிப்பு 1889 என்று இணையத்தில் படித்தேன். அதுவாக இருக்குமோ? இன்னொன்று ஒரு நிகண்டு, செய்யுளில் இருக்கிற பழைய அகராதி. அச்சுக்கூடத்தின் பெயர் இருந்த இடம் பொடிந்துவிட்டது, "தாது௵ மாசி௴" (தாது வருஷம், மாசி மாசம்) என்பது மட்டும் இருக்கிறது. மூன்றாவது, ஒரே அட்டைக்குள் ஏழெட்டுச் சின்னப் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்தது. கும்மி, சிந்து, அந்தாதி என்று கலவையாக இருக்கிறது.

நிலைமை எப்படி என்றே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிலது பழுப்பு, சிலது ஓட்டை, சிலவற்றுக்கு அட்டை கையோடு வருகிறது. பைண்டிங் கொடுத்துச் சரிசெய்துவிட்டு விலை பேசலாமா? கனடாவில் இருக்கும் அத்தை மகன் ஓலைக் கட்டைத் தனக்கு அனுப்பச் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

அணாவிலை:

ப்ரோ, முதல்ல எல்லாத்தையும் மாடியில நல்ல வெயில்ல ரெண்டு நாள் காயப் போடுங்க, பூச்சி எல்லாம் ஓடிடும். கிழிசலுக்கு செல்லோடேப். பெட்டியில அந்துருண்டை ஒரு பாக்கெட். பத்துப்பாட்டு முதல் பதிப்புன்னா லட்சத்துல போகும்னு கேள்வி. 8,000க்குக் கொடுத்துடாதீங்க.

பழையபாரம்:

திருவையாற்றுத் தம்பிக்கு. முதலில் மேலே சொன்ன மூன்றையும் செய்துவிடாதீர்கள். வெயிலும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். லட்சக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

நான் தஞ்சாவூரில் 1974லிருந்து இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். ஆஃப்செட் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தபிறகு ஒரு பைண்டிங் கடையில் பத்து வருஷம். புத்தகம் சேர்ப்பது அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய். அதனால் நான் சொல்வதில் பாதி தொழில், பாதி பட்ட அடி.

பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எல்லாரும் அட்டையைப் பார்க்கிறார்கள். அட்டையைக் கடைசியில் பாருங்கள். முதல் கேள்வி, பக்கம் முழுசாக இருக்கிறதா என்பதுதான். 1992ல் மதுரையில் ஒரு கடையில் தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகை, 1887ஆம் வருஷத்து அச்சு, கிடைத்தது. முகப்பைப் பார்த்தேன், கடைசித் தாளைப் பார்த்தேன், தாள் கையில் உடையவில்லை. கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து உட்கார்ந்து வாசிக்கும்போது 96க்கு அடுத்து 105 வருகிறது. நடுவில் ஒரு முழு பாரம், எட்டுப் பக்கம், இல்லவே இல்லை. கிழிந்த அடையாளமும் கிடையாது. தைக்கும்போதே விட்டுப்போனது. அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கே இந்தக் கதி.

ஆகவே எண்ணுங்கள். புத்தகம் தனித்தனித் தாளாக அச்சாவதில்லை, பாரம் பாரமாக அச்சாகிறது. எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில், ஓரமாக, சின்னதாக ஒரு எண் இருக்கும். அது பக்க எண் இல்லை. தைக்கிறவன் வரிசை மாற்றாமலிருக்கப் போட்ட அடையாளம். எட்டுப் பக்க பாரமானால் 9ஆம் பக்கத்தில் 2, 17ஆம் பக்கத்தில் 3. இது தொடர்ச்சியாக வந்தால் உடம்பு முழுசு. தலையையும் வாலையும் தனியாகப் பார்க்கவேண்டும். முகவுரை, சிறப்புப்பாயிரம், சாற்றுகவிகளுக்குத் தனிப் பக்க எண் ஓடும். கடைசியில் அரும்பத அகராதி, அதற்கும் பின்னால் பிழைதிருத்தம். வால்தான் முதலில் உதிரும். பிழைதிருத்தப் பக்கம் இருக்கிற பிரதி கிடைத்தால் நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

பழைய புத்தகங்களில் பக்க எண்ணே தமிழ் எண்ணில் இருக்கும். ௧, ௨, ௩ தெரியாவிட்டால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ௭ம் எ-யும் ஒன்றுபோல் கண்ணை ஏமாற்றும். சந்தேகம் வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பின் வருடல் (ஸ்கேன்) இருக்கிறதா என்று தேடி, பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். எங்கள் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் என் எட்டுப் பக்கம் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வந்த தாள் பெரும்பாலும் கந்தைத் துணியில் செய்தது. பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறாமலிருக்க அதில் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் நாளாக நாளாகப் புளித்துத் தாளை உள்ளிருந்தே தின்கிறது. அதனால்தான் 1850ல் அச்சான ஒரு புத்தகம் துணிபோல மடங்கும், 1940ல் அச்சானது அப்பளமாக நொறுங்கும். வயதைப் பார்த்து நிலைமையை முடிவு செய்யாதீர்கள். நூலகங்களில் தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்த்து எத்தனை மடிப்பில் உடைகிறது என்று சோதிப்பது உண்டு. நீங்கள் அதைச் செய்யவேண்டாம், மூலை போய்விடும். பக்கத்தைத் தூக்கி மெல்லத் திருப்புங்கள். தொங்கினால் உயிர் இருக்கிறது. தகடுபோல் விறைத்து நின்றால், வாசிக்க எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் கொஞ்சம் போகும்.

ஓட்டைகளுக்கு வருவோம். சித்தப்பா எல்லாவற்றையும் செல் என்கிறார். செல், அதாவது கரையான், மண்ணோடு வரும், ஓரத்திலிருந்து வாரித் தின்னும், மிச்சத்தில் மண் ஒட்டியிருக்கும். உருண்டையான சின்ன ஓட்டை ஒன்று அட்டையில் தொடங்கி நாற்பது ஐம்பது பக்கம் ஊடுருவிப் போனால் அது ராமபாணம். பேரே அதற்குத்தான் வைத்தது. தாளின் மேல்தோலை மட்டும் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிந்தால் அது வெள்ளிப்பூச்சி. பசை போட்ட முதுகையும் அட்டைமேல் ஒட்டிய காலிகோத் துணியையும் கரப்பான் மேயும். எது தின்றது என்பதைவிட இன்னும் தின்கிறதா என்பதே முக்கியம். கறுப்புச் சார்ட் தாளை விரித்து, அதன்மேல் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ரவைபோல, மாவுபோலப் புதிதாக விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஒன்றும் விழாவிட்டால் அது பழைய போர்க்களம், பயமில்லை. நான்கு எழுத்தைத் தின்ற ஓட்டையும் ஓரத்தில் போன ஓட்டையும் ஒன்றல்ல. குறித்து வைக்கும்போது "மூலம் சேதமில்லை" அல்லது "உரையில் எழுத்துப் போயிருக்கிறது" என்று எழுதிவையுங்கள்.

பைண்டிங். இதற்குப் பதில் எழுதக் கை கூசுகிறது. 1997ல் அப்பாவின் பெரியபுராணப் பிரதி ஒன்றை ஆசையாக எடுத்துப் பிரித்து, புதுத் தையல் போட்டு, ரெக்சின் அட்டை போட்டு, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து நேராக்கினேன். கத்தி இறங்கி எழுந்தபிறகுதான் தரையில் கிடந்த சீவலைப் பார்த்தேன். அப்பா ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்த பாடபேதங்களின் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்களின்) பாதி அங்கே கிடந்தது. சீவலைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், எதோடும் பொருத்த முடியவில்லை. வெட்டியது வேறு யாருமில்லை, நான்தான். ஊரார் புத்தகத்தையும் எத்தனை வெட்டியிருப்பேனோ.

அதனால் அட்டை கையோடு வந்தால் வரட்டும். அட்டையை அதே இடத்தில் வைத்து, அகலமான பருத்தி நாடாவால் குறுக்கே கட்டி வையுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவன் பழைய அட்டை தொங்கும் பிரதிக்குக் கொடுக்கிற விலையை, ரெக்சின் போட்டு வெட்டிய பிரதிக்குக் கொடுக்கமாட்டான்.

விலை. வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களில் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று படி வைத்திருக்கிறார்கள். அதில் 'குட்' என்று போட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். நன்றாக அடிபட்டிருக்கிறது, ஆனால் பக்கம் முழுசு என்று பொருள். நம்மூரில் அந்தப் படியெல்லாம் கிடையாது. 'கண்டிஷன் சூப்பர் சார்' என்ற ஒரே படிதான்.

பத்துப்பாட்டு விஷயத்தில் உங்கள் ஆசையைக் கெடுக்கவேண்டியிருக்கிறது. ஐயருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் கிடைத்தது 1906ல். பட்டம் அச்சாகியிருக்கிற முகப்பு 1889ஆக இருக்க வழியே இல்லை. அப்போது அவர் கும்பகோணம் காலேஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை பிரஸிடென்ஸி காலேஜுக்குப் போனதே 1903ல்தான். பத்துப்பாட்டின் இரண்டாம் பதிப்பு 1918, மூன்றாவது 1931. 1925ல் அவருக்கு 'தாக்ஷிணாத்ய கலாநிதி' பட்டம் கிடைத்தது. உங்கள் முகப்பில் அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் 1918க்கே வாய்ப்பு அதிகம். வருத்தப்படாதீர்கள், முதல் பதிப்புக்குப் பிறகு கிடைத்த ஏடுகளையும் பார்த்துத் திருத்திய பதிப்பு. வாசிக்கிறவனுக்கு அதுதான் உசத்தி. விலை மட்டும் இறங்கும்.

கடைசியாக ஒன்று. அந்த வியாபாரி தனியே எடுத்து வைத்த மூன்று எவை?

திருவையாற்றான்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாடிக்குக் கொண்டுபோயிருந்த ஏழு புத்தகத்தையும் கீழே இறக்கிவிட்டேன்.

முகப்பில் 'தாக்ஷிணாத்ய கலாநிதி' இல்லை. பெயருக்கு மேலே பாதித் தாள் நன்றாகவே இருக்கிறது, அங்கேயும் இல்லை. ஆக 1918.

சார்ட் தாள் சோதனை செய்தேன். 43ல் நான்கில் மாவு விழுந்தது. ஒன்றில் பழுப்பாக, எள்ளைவிடச் சின்னதாக ஒரு வண்டு. அந்த நான்கையும் தனி பிளாஸ்டிக் பையில் கட்டி வராந்தாவில் வைத்திருக்கிறேன்.

வியாபாரி எடுத்து வைத்தவை: அந்தக் கும்மி, சிந்து தொகுப்பு, நிகண்டு, பிறகு 1930களில் வந்த ஒரு சமையல் புத்தகம். பத்துப்பாட்டை அவர் தொடக்கூட இல்லை! அதுதான் எனக்குப் புரியவில்லை.

நிகண்டின் வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தாது வருஷம் என்றால் பெரிய பஞ்சம் வந்த 1876தானே?

பழையபாரம்:

உங்கள் வியாபாரி விவரமான ஆள்.

பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு இதெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே அலமாரியில் வைத்துக் காப்பாற்றப்பட்டவை. காலேஜ், மடம், பண்டிதர் வீடு என்று எங்கும் இருந்தன. கும்மியும் சிந்தும் அப்படியில்லை. சென்னையில் குஜிலி என்ற மலிவுச் சந்தைக் கடைகளில் காலணா அரையணாவுக்கு விற்றவை. ரயில் வந்தால் ஒரு சிந்து, புயல் அடித்தால் ஒரு கும்மி, கொலை வழக்கு நடந்தால் அதற்கொன்று. மலிவான தாள், மெல்லிய மேலுறை, சந்தையில் வாங்கிப் பாடி, பாடி முடித்ததும் வடை மடிக்கப் போய்விடும். யாரும் சேர்த்து வைக்கவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் ஏழெட்டைச் சேர்த்துத் தைத்து வைத்தால்தான் உண்டு. சமையல் புத்தகமும் அதே ஜாதி. அடுப்படியில் எண்ணெய் பட்டுச் செத்துப்போவது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பண்டிதர்கள் மதித்தது மதிக்காதது என்று பாராமல் நோட்டீசு, அழைப்பிதழ் உட்பட எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் 1992ல் காலமானபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே தேடிப் போவதில் நிறைய அந்தக் காலணாச் சரக்குதான்.

அந்தத் தொகுப்பைத் தனித்தனியாகப் பிரித்து விற்றால் கூடக் காசு வரும் என்று யாராவது சொல்வார்கள். பிரிக்காதீர்கள்.

இப்போது தாது. அறுபது வருஷச் சுழற்சி என்பதால் 1876 மட்டுமில்லை, 1936ம் தாது, 1816ம் தாது. அதிலும் நீங்கள் சொல்வது மாசி. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்துக்குள் விழும். ஆக 1877 பிப்ரவரி, மார்ச்சு, இல்லாவிட்டால் 1937. இந்த ஒரு வருஷக் கணக்கில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். நூலகப் பட்டியல்களிலேயே பார்த்திருக்கிறேன். 1817ஐ ஒதுக்கிவிடலாம். 1835க்கு முன்பு அச்சுக்கூடம் வைக்க நம்மவர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது, 1812ல் திருக்குறள் மூலபாடம் அச்சானதுபோல அங்கொன்று இங்கொன்றுதான்.

77க்கும் 37க்கும் நடுவே தீர்ப்புச் சொல்லத் தாளைக் கேளுங்கள். ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெருக்கமாகக் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் அகலக் கோடுகளும் நிழலாகத் தெரிந்தால், சில இடத்தில் கம்பெனி முத்திரையும் தெரிந்தால், பழைய காலத்துத் தாளுக்கு அது ஒரு சாட்சி. அது மட்டும் போதாது, பின்னாலும் அப்படிச் செய்தார்கள். ஓரம் மட்டும் காப்பிப் பழுப்பாகி நடு வெளுப்பாக இருந்தால் மரக்கூழ், 37 பக்கம் சாயும். பிறகு பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும், பின்னால் புடைப்புத் தெரியும். வழவழவென்று இருந்தால் பின்னாளில் படமெடுத்து அச்சிட்ட பிரதி, அப்படியும் நிறையச் சுற்றுகிறது. விலை அச்சாகியிருக்கிறதா? அப்போது நடப்பில் இருந்த 1867ஆம் வருஷத்து 25வது சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருக்கவேண்டியிருந்தது. முகப்பில் பொடிந்திருந்தால் கடைசிப் பக்கத்து அடியிலோ மேலுறையிலோ தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி கையெழுத்து. முன்னாலும் பின்னாலும் உள்ள வெற்றுத் தாள்களைப் பாருங்கள். "இந்தப் புத்தகம் இன்னாருடையது, கண்டெடுத்தவர் கொடுத்துவிடவும்" என்று எழுதி வருஷம் போட்டிருப்பார்கள். அழுக்கு என்று ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.

அந்த நான்கு வண்டுப் புத்தகத்தைச் சுற்றி வேப்பிலை, வசம்பு போட்டு, காற்றோட்டமான பரணில் வையுங்கள். மற்றவற்றோடு சேர்க்கவேண்டாம்.

மூன்றாம்அடுக்கு:

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பழம் நூல் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பழையபாரம் ஐயா சொன்னதை அச்சுப்போட்டு எங்கள் சுவரில் ஒட்டலாம். இரண்டு இடத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பரண் வேண்டவே வேண்டாம். தளத்துக்கு அடியில் இருக்கிற பரணில் சித்திரை வைகாசியில் அடுப்புச் சூடு. சூடு ஏறினால் தாள் வேகமாகப் புளிக்கும். இந்தப் பெட்டி அங்கே ஐம்பது வருஷம் இருந்ததால்தான் பாதி நொறுங்கியிருக்கிறது. வீட்டிலேயே குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த உள்ளறையில், இரும்பு அலமாரியில், சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வெளிச்சுவரில் மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும், அங்கே பூஞ்சை பிடிக்கும்.

வேப்பிலையும் வசம்பும் புதுப் பூச்சி வராமல் ஓரளவு தடுக்கும். உள்ளே முட்டையாகவும் புழுவாகவும் இருப்பதை அவை ஒன்றும் செய்யா. அந்துருண்டையும் அப்படித்தான், போதாததற்கு அந்த வாடை நமக்குக் கெடுதல், புத்தகத்திலும் வருஷக்கணக்கில் போகாது. அந்த நான்கையும் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் சுற்றி, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டி மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிர் வேண்டும். ஐஸ்கிரீம் வைக்கிற தனிப் பெட்டி இருந்தால் நல்லது, வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பெரும்பாலும் போதாது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்கவேண்டும். முன்னாலேயே திறந்தால் தாள்மேல் வியர்க்கும். தோல் அட்டை போட்டது, ஏற்கெனவே ஈரமானது இரண்டையும் இப்படி வைக்கவேண்டாம்.

செல்லோடேப் ஏன் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. டேப் பத்து இருபது வருஷத்தில் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகத் தங்கும். எங்களிடம் 1862ல் அச்சான வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. முகப்பில் ஆங்கில எச் எழுத்து வடிவில் மஞ்சள் தடம். ஒட்டியவர் அக்கறையாகத்தான் ஒட்டியிருப்பார். கிழிந்தே தீரும் என்கிற தாளுக்கு மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து, கற்றவர்கள் ஒட்டுவார்கள். நீங்களாக முயலவேண்டாம்.

ஓலைக் கட்டை கனடாவுக்கு அனுப்பாதீர்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 வருஷம் தாண்டியிருந்தால் தொல்பொருள். மற்றப் பொருள்களுக்கு 100 வருஷம். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அத்தை மகனுக்குப் படமெடுத்து அனுப்புங்கள். கட்டைப் பிரிக்கும்போது கயிற்றை அறுக்காமல் அவிழுங்கள், வரிசை கலைந்தால் திரும்பக் கோப்பது பெரும்பாடு.

பழையபாரம்:

பரண் விஷயத்தில் நூலக அம்மா சொல்வது சரி. என் வீட்டுப் பரணிலும் இரண்டு பெட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடுகிறேன். வசம்பை மட்டும் விடமாட்டேன், அந்த வாசனை இல்லாவிட்டால் எனக்குப் புத்தக அலமாரி மாதிரியே இருக்காது.

திருவையாற்றான்:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வியாபாரி இரண்டு தடவை ஃபோன் செய்தார், இப்போது 15,000 என்கிறார். கணக்கெடுத்து முடிக்கும்வரை விற்பதாயில்லை என்று சொல்லிவிட்டேன். நான்கு புத்தகமும் தெருக்கோடி ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. "உள்ளே என்ன சார், மீனா?" என்று கேட்டார். ராமபாணம் என்றேன். சிரித்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

ஓலைக் கட்டை அவிழ்க்கவில்லை, கயிறு இற்றுப்போயிருக்கிறது. அத்தை மகனுக்கு மேலோலையை மட்டும் படமெடுத்து அனுப்பினேன்.

நிகண்டின் பின் வெற்றுத்தாளில், பிசின்போல ஒட்டிக்கொண்டிருந்த மேலுறைக்கு உள்பக்கம், கையெழுத்து இருந்தது! பழுப்பு மையில்: "கர௵ தை௴ 9௳ கும்பகோணத்தில் 8 அணாவுக்கு வாங்கினது" (கர வருஷம், தை மாசம், 9ஆம் தேதி), பக்கத்திலேயே ஆங்கில எண்ணில் 1892. கீழே ஒரு பெயர். அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை, தாத்தாவுக்கு முந்தைய கை. 1892ல் வாங்கியது 1937ல் அச்சாகியிருக்க முடியாதே! விரலால் தடவிப் பார்த்தேன், எழுத்து புடைத்துத்தான் இருக்கிறது. சித்தப்பாவையும் கண்ணை மூடித் தடவச் சொன்னேன். அவருக்கு அதிலிருந்து ஒரு பித்துப் பிடித்துவிட்டது. தினம் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பாரம் எண்ணுகிறார். எடைக்குப் போடு என்ற பேச்சையே காணோம்.

பத்துப்பாட்டில் உடம்பு முழுசு, அரும்பத அகராதியில் கடைசி மூன்று தாள் இல்லை, பிழைதிருத்தம் இல்லை. ஓட்டை 38ஆம் பக்கம் வரை, மூலத்தில் ஏழு எழுத்துப் போயிருக்கிறது. குறித்து வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். தொகுப்பில் இரண்டாவதாக இருக்கும் கும்மியில் 24க்கு அடுத்து 33லிருந்து 40 வரை வருகிறது, அதற்குப் பிறகு 25லிருந்து 32. பக்கம் எதுவும் குறையவில்லை. சித்தப்பா தையலைப் பிரித்துச் சரியாக மாற்றிவிடலாம் என்று கத்தரிக்கோலோடு நிற்கிறார்.

பழையபாரம்:

கத்தரிக்கோலை வாங்கி உள்ளே வையுங்கள். தைத்தவன் நாலாவது பாரத்தையும் ஐந்தாவதையும் இடம் மாற்றித் தைத்துவிட்டான், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்திருப்பான். நூறு வருஷத்துக்கு மேலாக அப்படியே பாடியிருக்கிறார்கள். 24ஆம் பக்கத்து அடியில் மெல்லிய பென்சிலால் "25க்கு எட்டுப் பக்கம் தள்ளிப் பார்க்க" என்று எழுதினால் போதும். 2பி பென்சில், அழுத்தாமல்.

அந்தக் கும்மி எதைப் பற்றியது என்று சொல்லவே இல்லையே?